பழைய கார் வாங்கும் முன்: காகிதம், தகடு, கடைசியில் எஞ்சின்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானட்டைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பின்பக்கம் போய்ப் புகை பார்க்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவுகிறார்கள், ஹாரன் அடித்துச் சிரிக்கிறார்கள். முன்பணம் கை மாறிய பிறகுதான் ஆர்.சி. புத்தகம் எங்கே என்ற பேச்சே வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. எஞ்சின் கெட்டிருந்தால் லேத் பட்டறை இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார். உடம்புத் தகடு அரித்திருந்தால் அதையும் சரிசெய்யலாம். ஆனால் டிங்கரிங் செலவு வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடும். காகிதத்தில் கோளாறு என்றால் கையில் பணம் இருந்தும் பயனில்லாமல் போகலாம். ஆகவே காகிதம் முதலில், தகடு அடுத்து, எஞ்சின் கடைசியில்.

கிளாசிக் கார் என்றதும் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் நினைவுக்கு வரலாம். அது வேறு உலகம். நம் ஊரில் மாதச் சம்பளக்காரர் ஆசைப்பட்டு வாங்கக்கூடியவை மூன்றுதான். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாக வைத்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை செய்த அம்பாசடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் தயாரித்து, 1970களில் பத்மினி என்று பெயர் மாற்றி, 2000 வாக்கில் நிறுத்திய ஃபியட் 1100டி. மூன்றாவது நம் சொந்த ஊர்க்காரி: சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் பத்தாண்டுகள் செய்த ஹெரால்டு. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம். பானட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முதல் இரண்டு வண்டிகளுக்கும் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. ஹெரால்டுக்குக் கீழே தனி சேசிஸ் உண்டு, மேலே உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். துருவைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாக வந்து நிற்கும்.

“பேப்பர் எல்லாம் கிளியர் சார்” என்று புரோக்கர் சொல்வதற்கு ஆர்.சி. என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளவையா என்று நீங்களே குனிந்து பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பர் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சிறு தகட்டில் அடித்து ரிவெட் போட்டது. இன்னொன்று உடம்பிலேயே குத்தியது. ரிவெட் தகட்டை ஒரு வண்டியிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். எனவே குத்திய எண்தான் சாட்சி. அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதும் இதைத்தான். எண்ணைச் சுற்றி மட்டும் புது பெயிண்ட், அரம் போட்ட தடம், வரிசை கோணிய எழுத்து என்று எது தெரிந்தாலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

எஞ்சின் நம்பர் பொருந்தாத வண்டிகள் ஏராளம். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசடருக்குள் மேட்டடார் டீசல் எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு. பத்மினிக்குள் பிரீமியர் 118 என்.இ.யின் நிசான் எஞ்சினை வைத்தவர்களும் உண்டு. மாற்றியது குற்றமில்லை, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டதுதான் வினை. அந்த மாற்றத்தைப் பதிவு செய்யும் அலைச்சல் இனி உங்களுடையது.

நம்பர் பிளேட்டே ஒரு வரலாறு. 1989க்கு முந்தைய தமிழ்நாட்டு வண்டிகளுக்கு எம்.டி., எம்.எஸ்., டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசை. தி.நகர் நினைவில்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777 அந்த வகை. அப்படியொரு பழைய எண் இன்னும் ஓடுகிறது என்றால் வண்டி 1989க்கு முன்பிருந்தே இந்த மாநிலத்துப் பதிவேட்டில் இருந்திருக்கிறது. 1968 மாடல் ஃபியட்டுக்கு டி.என். 07 என்று புதுப் பாணி எண் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கலாம், அரசாங்க ஏலத்தில் எடுத்து மறுபதிவு செய்திருக்கலாம். இரண்டும் தப்பில்லை, ஆனால் அதற்கான தாள்கள் கையில் இருக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று வந்த பிறகு அங்கிருந்து தெற்கே வண்டிகள் மலிவாக வரத் தொடங்கின. அவற்றில் சில, பதிவு முடிந்து என்.ஓ.சி. வாங்க முடியாத நிலையில் வந்தவை.

அடுத்து உரிமையாளர். ஆர்.சி.யில் இருக்கும் பெயர் யாருடையது, அவர் உயிரோடு இருக்கிறாரா? பழைய வண்டிகளில் பாதி, தாத்தா பெயரில் இருப்பவை. தாத்தா போய்ப் பல வருடம் ஆகியிருக்கும், பேரன் விற்கிறான். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 வழியாக ஒருவர் பெயருக்கு மாற்றம், அதன்பிறகு படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு என்பதுதான் வழி. “நீங்க எடுத்துக்குங்க சார், கையெழுத்து நான் வாங்கித் தர்றேன்” என்ற பேச்சை நம்பினால், அமெரிக்காவில் இருக்கும் ஒரு அத்தையின் கையெழுத்துக்காக வண்டி உங்கள் வீட்டு வாசலில் வருடக்கணக்கில் நிற்கும். முதலில் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வண்டி எங்கும் ஓடிவிடாது.

பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை வாகன் இணையதளத்தில் பார்க்கலாம். கையெழுத்துப் புத்தகக் காலத்து வண்டிகள் பல அதில் ஏறியே இருக்காது. ஏறாத வண்டியை முதலில் கணினியில் ஏற்றிக்கொண்டு வரும் பொறுப்பை விற்பவரிடமே விட்டுவிடுவது நல்லது. தனியார் காருக்கு முதல் பதிவு பதினைந்து வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பு. நம் ஊர்ப் பேச்சில் எஃப்.சி. காட்டுவது. 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் தனி, பசுமை வரி தனி. ஷெட்டில் பல வருடம் தூங்கிய வண்டியை வாங்குகிறவர் இந்தக் கணக்கை விலை பேசும் முன்பே போட வேண்டும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு வேறொரு வழியும் உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட எண். ஏற்கெனவே பதிவானது பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று சில காரணங்களுக்குத்தான் சாலைக்கு வரலாம். சேசிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதும் விதி. டீசல் எஞ்சின் இறக்கிய அம்பாசடருக்கு இந்தக் கதவு மூடியது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வர நினைப்பவர் சாதாரணப் பதிவையே காப்பாற்றிக்கொள்வது நல்லது.

காகிதம் தேறிய பிறகு தகடு. இங்கேதான் பெரும்பணம் போகிறது, ஏமாற்றும் இங்கேதான் அதிகம். புது பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நிறம் மங்கி, ஆங்காங்கே சுரண்டல் விழுந்த வண்டி தன் உடம்பை மறைப்பதில்லை. விற்பதற்காகவே பெயிண்ட் அடித்த வண்டியில், பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் துரு, சில இடங்களில் பட்டிக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

மாம்பலத்தில் ஒரு வீட்டு ஷெட்டில் நின்ற வெள்ளை ஃபியட்டைப் பார்க்க, வயதான டிங்கர் ஒருவரையும் அழைத்துப் போயிருந்தோம். அவர் வண்டியைச் சுற்றி வரவே இல்லை. லுங்கியை மடித்துக் கட்டி டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் அடி ஓரத்தில் வைத்தார், ஒட்டியது. நாலு விரல் பின்னால் நகர்த்தினார். காந்தம் நழுவிக் கையில் விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் அடியில் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாக நெடுகத் தடவினார். பிறகு உள்ளே ரப்பர் விரிப்பைச் சுருட்டி, அடியில் ஈரம் ஏறிய சணல் விரிப்பையும் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங் என்று வந்த சத்தம் பெடலுக்குக் கீழே வந்ததும் தொப்பென்று ஆனது. “தம்பி, மேல பாக்காத. இந்த வண்டிக்கு உசிரு இங்கதான் இருக்கு” என்றார். விற்பவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் செய்ததற்குக் காரணம் உண்டு. தனி சேசிஸ் இல்லாத ஃபியட்டிலும் அம்பாசடரிலும் கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகடும் தரையும்தான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அவை அரித்தால் வண்டி நடுவில் தொய்யும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை, ஜாக்கி போடுவது. ஒரு பக்க ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நிற்கும்போது வழுக்கிக்கொண்டு மூடிய கதவு இப்போது இடித்தாலோ கீழே இறங்கி உட்கார்ந்தாலோ எலும்பு பலவீனம். ஜாக்கியே உள்ளே புதைந்தால் கேட்கவே வேண்டாம்.

ஹெரால்டில் கதை வேறு. மேல் உடம்பு அரித்தாலும் சேசிஸ் தாங்கும். போல்ட் கழற்றித் துண்டை மாற்றலாம். அதற்காக நிம்மதி அடைய வேண்டாம். சேசிஸின் நடுத் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் போகும். வண்டிக்கடியில் படுத்து அவற்றின் நுனிகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அகலமாக இல்லாவிட்டால் கைகள் தொங்கியிருக்கலாம்.

மற்ற இடங்களை ஒரு கை வைத்தே பார்த்துவிடலாம். ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால், முன் மட்கார்டின் உட்புறத்தில் சேறு தங்கி அரிக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். பின் பட்டை ஸ்பிரிங் உடம்போடு சேரும் இடம் அம்பாசடரில் மிக முக்கியம். அங்கே ஒட்டுப்போட்ட வெல்டிங் குவியல் தெரிந்தால் விலையைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அம்பாசடரின் முன்பக்கத்தில் சக்கரத்தைத் தாங்குவது காயில் ஸ்பிரிங் இல்லை, முறுக்கித் தாங்கும் நீண்ட இரும்புத் தண்டுகள். அவற்றின் பின்முனை மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் தரைக்கடியில் இருக்கிறது; அது அரித்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எனவே சமதரையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று, முன்னாலிருந்து பாருங்கள். கதவுகளின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. பட்டி போட்டவர் அவற்றையும் சேர்த்து அடைத்திருந்தால் அடுத்த மழைக்குள் கதவு உள்ளிருந்து அழுகும். அடியில் புதிதாகக் கருப்புத் தார் அடித்த வண்டி எதையோ மூடுகிறது.

கடற்கரை ஊர் வண்டிக்கும் உள்நாட்டு வண்டிக்கும் வித்தியாசம் நிஜம். பெசன்ட் நகரில் திறந்தவெளியில் நின்ற பத்மினியையும் கோயம்புத்தூரில் கூரைக்கடியில் நின்ற பத்மினியையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் பஸ் ஏறிப் போய்க் கோயம்புத்தூர் வண்டியை வாங்குங்கள். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மனதில் வையுங்கள். சீட்டைத் துவைத்துவிடலாம். சீட் ஸ்பிரிங்குக்குள்ளும் டேஷ் போர்டுக்குப் பின்னாலும் படிந்த வண்டல் கோட்டை யாரும் துவைப்பதில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள்.

உதிரிபாகம் பற்றிப் பொதுவான பயம் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. பிஸ்டன், ரிங், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் போன்றவை ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் இன்னும் கிடைக்கின்றன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் கிடைக்காதது குறைவு. கிடைக்காதவை சின்னச் சின்ன அலங்காரங்கள். அந்தந்த மாடலின் கிரில், பக்கவாட்டுக் கம்பி, டேஷ் போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி, முத்திரை எழுத்து, வளைந்த கண்ணாடி. மார்க் 2 அம்பாசடருக்கு மார்க் 4 கிரில்லை மாட்டி விற்பவர்கள் அதிகம். எஞ்சின் ஓடாத, ஆனால் எல்லா அலங்காரமும் ஒன்று குறையாமல் இருக்கிற வண்டியையும், நன்றாக ஓடும், ஆனால் மூளியான வண்டியையும் காட்டினால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். மூலம் எப்படி இருந்தது என்று தெரியாதவர் ஏமாறுவது உறுதி. ஆகவே வாங்கும் முன் நல்ல வண்டி ஒன்றைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரோடு சேர்ந்த ஜீடீ கார் அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னையில் ஏ.வி.எம். ஸ்டுடியோவிலும் பழைய கார்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது.

இனி எஞ்சின். முந்திய நாளே போன் செய்து, “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பச் சண்டித்தனம் செய்யும் என்பதை விற்பவரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா, ஆயில் கம்பியை உருவி மோர் போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன. ஃபியட்டுக்கு இது கூடுதல் கவலை, ஏனென்றால் அதன் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும். அம்பாசடரின் பி.எம்.சி. வழி வந்த 1,489 சி.சி. எஞ்சினுக்கும் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கும் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஓடத் தொடங்கியதும் வரும் புகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், விடாத வெள்ளை என்றால் தண்ணீர். அதைவிட நம்பகமானது, ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. பேக் கம்ப்ரஷன் அடித்துப் புகை குப்குப்பென்று வந்தால் சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்து நாலு சிலிண்டரையும் அளந்தால் பேச்சே இல்லை. நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி. தேய்ந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், ரீபோர் செய்து புது பிஸ்டன் போடலாம். செலவை விலையில் கழியுங்கள், அவ்வளவுதான்.

ஹெரால்டு எஞ்சினில் மட்டும் ஒரு சோதனையை விடவே கூடாது. இரண்டு பேர் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே கிளட்ச்சை மிதித்து விட, இன்னொருவர் முன்னால் ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், கிராங்கின் இடம் காக்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்துவிட்டன, அல்லது கழன்று கீழே ஆயில் தொட்டியில் விழுந்துவிட்டன. மயிரிழை அசைவு இயல்பு. அதற்கு மேல் அசைந்தால் கிராங்க் நேராக பிளாக்கையே உரசுகிறது; அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது கடினம். செலவில்லாத, கருவி தேவைப்படாத, ஒரு நிமிடச் சோதனை இது. பார்க்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

பெட்ரோல் மாறியதும் கணக்கில் வர வேண்டும். நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. ஈயத்தை நம்பிச் செய்த வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் மெல்லத் தேய்ந்து உள்ளே போகும். ஹெட் இறக்கிய வண்டி என்றால் கடினமான சீட் வளையம் போட்டார்களா என்று கேளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் சவ்வு, கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறி உப்பும், வெடிக்கும். சூடான எஞ்சின்மேல் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள். கீறல் விட்டால் வீடு போகும் வழியிலேயே மாற்றுங்கள்.

ஸ்டியரிங்கில் வண்டிக்கு வண்டி நியாயம் வேறு. பத்மினியில் ஸ்டியரிங் பாக்ஸ். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பொறுக்கலாம். அம்பாசடரும் ஹெரால்டும் ரேக் அண்ட் பினியன். அவற்றில் ஆட்டம் இருந்தால் தேய்மானம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின், பேரிங் எல்லாம் பேசும். அம்பாசடர் முன்சக்கரம் மடிந்து சாலையில் உட்கார்ந்த காட்சியைப் பார்க்காத பழைய டிரைவர் இல்லை. சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டான டிரனியன் கிரீஸ் காணாததுதான் காரணம். ஹெரால்டின் டிரனியனுக்கு வேறு கட்டளை: அதற்கு கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். “கிரீஸ் கன் வச்சு நல்லா அடிச்சிருக்கேன் சார்” என்று மெக்கானிக் பெருமையாகச் சொன்னால் அந்தத் திருகுப் பாகத்துக்குப் பல வருடமாக எண்ணெய் போகவில்லை என்று கொள்ளலாம். அறுந்தால் சக்கரம் மடிந்துவிடும்.

பிந்தைய சில அம்பாசடர்கள் தவிர, பிரேக் மூன்றிலும் டிரம். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வரிசை என்பதால் ஓர் இடத்தில் போனால் மொத்தமும் போகும். வயரிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: டேஷ் போர்டுக்குக் கீழே டார்ச் அடித்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம், பத்துக்கு மேல் போனால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவைக் கழித்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழி வந்த சில வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் பேட்டரியை மாற்றிப் போட்டால் உள்ளே ஏதாவது எரியும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருட டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.

சோதனை ஓட்டத்துக்குத் தெருமுனை வரை போய்வந்தால் போதாது. எஞ்சின் முழுச் சூடு ஏறும்வரை, குறைந்தது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியரில் இரண்டாவதிலிருந்து முதலுக்குப் போகும்போது முரண்டு பிடிக்கிறதா, இறக்கத்தில் காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று விழுகிறதா, மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறதா, முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து கிரவுன் பினியன் ஊளையிடுகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். சூட்டில் கிளம்பாத வண்டிகளின் குணம் அப்போதுதான் தெரியும். ஹெரால்டில் வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரை விடாதீர்கள். அதன் பின்சக்கர ஆக்சில் அமைப்பில் சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி சுழலக்கூடும். அது அந்த வண்டியின் பிறவிக் குணம், பழுதாக நினைத்து விலை குறைக்கக் கேட்க முடியாது.

மூன்றில் எது என்று கேட்பவர்களுக்கு: முதல் பழைய கார் என்றால் பத்மினி. சிறியது, மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தது, தகடு நன்றாக இருந்தால் மற்றவற்றை மெல்லச் சரிசெய்யலாம். பெரிய குடும்பம், அகன்ற ஷெட் உள்ளவருக்கு அம்பாசடர். பிந்தைய வருட வண்டிகள் மலிவு, ஆனால் டாக்சியாக ஓடி எலும்பு தளர்ந்தவையும் அவற்றில்தான் அதிகம். ஹெரால்டு அழகு, 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், சந்துக்குள் நுழைய அதுபோல இன்னொன்றில்லை. ஆனால் அதன் குணம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் மட்டுமே அதை எடுங்கள்.

விலையை விற்பவர் சொன்ன தொகையிலிருந்து கீழே இறக்கிப் பேசுவதைவிட, சந்தை விலையிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுப் பேசுவது நல்லது. அதே மாடலில், குறையில்லாமல் ஓடும் வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு பேரிடம் கேளுங்கள். அதிலிருந்து எஃப்.சி. கட்டணம், வரி, டிங்கரிங், பெயிண்ட், டயர், வயரிங், ஹோஸ், பிரேக் என்று கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் கேட்ட தொகையைக் கழியுங்கள். டிங்கர் சொன்ன தொகையை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் அவருக்கே முழுக் கணக்கு தெரியும். மிஞ்சும் தொகைக்குத்தான் வண்டி. பேரம் படிந்தால் கையோடு படிவங்களில் கையெழுத்து வாங்கி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்ற விண்ணப்பத்தை முப்பது நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். மாம்பலத்து ஃபியட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது மிஞ்சிய தொகையைக் கேட்டு விற்பவர் சிரித்தார், நாங்கள் வாங்கவில்லை.